முதல் சொம்பு

என் மகள் அன்றைக்கு வெந்துபோகாமல் தப்பித்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை. அவள் என் கழுத்துச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் காரணம். ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் எறையூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர் வீராயி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது. என் அம்மா அவரை அண்ணி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. சின்ன வயதில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். நாத்தனார் குழந்தை பெற்றபோது குளிப்பாட்ட ஆள் இல்லாமல் தானே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அழாமல் குளித்துவிட்டு அவர் காலிலேயே தூங்கிவிட்டதாம். அடுத்த நாள் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து. அப்புறம் அவர் வெட்டரிவாளைத் தொடவே இல்லை. இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என்னையும் அவர்தான் குளிப்பாட்டினார். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டார்.

“ஒன்னக் குளிப்பாட்டுன காலுடி மொழி இது. அப்பவே நீ ஒரு கத்து கத்துவ பாரு, மில்லு சங்கு தோத்துப்போவும்.”

காலையில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டி சத்தம் கேட்கும். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, நேரே கொல்லைப்புறக் குளியலறைக்குப் போய்விடுவார். விடிந்ததும் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீடு, அதற்குப் பிறகு நாங்கள். மரப்பலகையில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் நீட்டி ஒட்டி வைத்துக்கொள்வார். கால்கள்தான் தொட்டில். குழந்தை அதில் கிடக்கும். ஆனால் குழந்தையை வாங்குவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தன் முழங்காலிலிருந்து பாதம் வரை ஊற்றிக்கொள்வார். முதல் சொம்பு எப்போதும் அவருக்குத்தான்.

நான் மகப்பேறு விடுப்பில் அம்மா வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் அறிவுச்செல்வன் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அனுப்பியிருந்தார். மஞ்சள் வாத்து மாதிரி இருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டால் வயிற்றில் எண் காட்டும், சூடு கூடினால் சிவப்பு விளக்கு மினுக்கும். முதல் நாளே அதைப் பெருமையாக வாளியில் விட்டேன். வீராயி அத்தை அதைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இந்த வாத்து இதுவரைக்கும் எத்தன புள்ளயக் குளிப்பாட்டியிருக்கு?”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். முப்பத்தேழு டிகிரி, பச்சைக் குழந்தையின் தோல் நம் தோலைவிட எவ்வளவு மெல்லியது, எத்தனை நொடியில் கொப்புளம் வரும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். கையைக்கூட நம்பக்கூடாது, நம் தோல் அளப்பது வெப்பநிலையை அல்ல, உடம்பிலிருந்து எவ்வளவு வேகமாகச் சூடு போகிறது அல்லது வருகிறது என்பதைத்தான் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“நானும் கைய நம்புறதில்லம்மா. கரும்பு வெட்டுன கை, காச்சுப் போச்சு. காலுதான் உண்மையச் சொல்லும். அதான் மொத சொம்பு கால்ல ஊத்துறேன்.” ஊற்றிக்கொண்டே மேலே சொன்னார். “இன்னொண்ணும் இருக்கு. குளுந்த கால்ல புள்ளயப் போட்டா என்னாவும்? புள்ள சூட்டக் காலு இழுத்துக்கும். அதுக்கு இருக்குறதே ஒரு கைப்பிடி சூடு. அதையும் நாம புடுங்கிக்கலாமா? அதான் மொதல்ல என் கால சூடாக்கிக்கிறேன். சுட்டாலும் மொதல்ல எனக்குச் சுடட்டுமே.”

நான் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கட்டைகளை ஒட்டி வரைந்து, சூடான கட்டையிலிருந்து குளிர்ந்த கட்டைக்கு அம்புக்குறி போட்டு, இரண்டும் சமமாகும்வரை வெப்பம் ஓயாது என்று தொண்டை வறளக் கத்துகிறேன். கடைசி பெஞ்சில் ஒருத்தனாவது கொட்டாவி விடுவான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத இந்த மனுஷி அதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, என் பிள்ளையின் மூக்கைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சுகாதார நிலையத்தில் எடை போடும்போதுகூட அவர் துணி விரிக்காமல் இரும்புத் தட்டில் குழந்தையை வைக்கவிடமாட்டாராம். “வெறுந்தட்டு புள்ளய உறிஞ்சிரும்” என்பாராம்.

மறுநாள் நானே வாத்தை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டேன். இவ்வளவு தெரிந்தவர் முன்னால் அதை மிதக்கவிடுவது அவமரியாதை என்று பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் இப்போது வரிசையாக அடுக்கிப் பார்க்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. ஒவ்வொன்றும் என் கண் முன்னால் நடந்தது.

ஒருநாள் அவர் ஒற்றைச் செருப்போடு வந்து இறங்கினார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. “என் ஒத்தச் செருப்பு லப்பைக்குடிக்காட்டுக்கே திரும்பிப் போயிருச்சு போல” என்று அவரே சிரித்தார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்னொரு நாள் அவருடைய வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போன தழும்பைப் பார்த்தேன். வண்டி சைலன்சர் சுட்டிருக்கிறது. எப்போது என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்? ஆடி மாசம் ஒருநா குளிக்கிறப்ப பாத்தேன், தோலு உரிஞ்சு தொங்குது” என்றார். இயற்பியல் ஆசிரியை என்ன செய்தேன்? “பாத்து ஓட்டுங்க அத்த” என்றேன். கொதிக்கும் இரும்பு ஒரு மனுஷியின் காலில் ஒட்டிக்கொண்டு சதையை வேகவைத்திருக்கிறது, அவர் அது தெரியாமலே கியர் இல்லாத வண்டியை முறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். எனக்கு அது ஒரு வேடிக்கையான செய்தியாகத்தான் இருந்தது.

மார்கழி பிறந்ததும் அவருக்கு எந்த வீட்டுத் தண்ணீரும் பிடிக்காமல் போனது. “ஏன் சுந்தராம்பா, அடுப்புல தண்ணியக் காட்டிட்டு எடுத்துட்டியா? சில்லுனு கெடக்கு” என்று அம்மாவை ஏசுவார். இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் கலக்கச் சொல்வார். அம்மாவும் பனிக்காலம்தானே என்று கலப்பாள். அந்த வாரத்தில் இரண்டு நாள் பாப்பா குளிக்கும்போது வீறிட்டு அழுதாள். துண்டில் வாங்கியபோது முதுகு செக்கச் சிவந்து இருந்தது.

“என்ன அத்த, இப்படிச் செவந்து கெடக்கு?”

“எண்ணெ தேச்சு உருவுனா செவக்காதா? ரத்த ஓட்டம்மா. அழுவட்டும், அழுதாத்தான் நெஞ்சு விரியும்.”

நான் பீரோவைப் பார்த்தேன். வாத்தின் வால் மட்டும் தெரிந்தது. எடுக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. என்னைக் குளிப்பாட்டிய கால் ஆயிற்றே, கேட்டால் மனது நோகுமே என்று விட்டுவிட்டேன்.

அந்த நாள் மார்கழி இருபத்துச் சொச்சம். ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கு டோக்கன் கொடுக்கிறார்கள் என்று அம்மா விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். போகும் முன் கொல்லை அடுப்பில் பருத்திமாரைத் திணித்து அண்டாவை ஏற்றிவிட்டுப் போனாள். காய்ந்த பருத்திமார் எரிகிற வேகத்துக்கு அண்டா கொதி வந்து தளதளத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அம்மாதான் தண்ணீர் கலப்பாள். அன்றைக்கு வீராயி அத்தையே கலந்தார். எங்கும் ஒரே ஆவி. மார்கழிக் குளிரில் வாயைத் திறந்தாலே ஆவி வரும், அதில் எதைக் கண்டு பயப்படுவது?

நான் எண்ணெய் தேய்த்த பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அவர் வாளியில் கலந்து, ஒரு சொம்பு எடுத்துக் காலில் ஊற்றினார். உதட்டைப் பிதுக்கினார்.

“பச்சத் தண்ணியா இருக்கு.”

அண்டாவிலிருந்து இரண்டு சொம்பு சுடுதண்ணீர் வாளிக்குள் போயிற்று. மறுபடி காலில் ஊற்றினார். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் அண்டா. மூன்றாவது தடவை இரண்டு சொம்பு, நிதானமாக, முழங்காலிலிருந்து விரல் வரை ஊற்றிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

“ம். இப்பத்தான் எளஞ்சூடு வந்துருக்கு. கொண்டா ஆயி, என் தங்கத்தக் கொண்டா.”

கையை நீட்டினார். நான் பாப்பாவைத் தோளிலிருந்து எடுத்தேன். அவள் சங்கிலியைப் பிடித்திருந்தாள். முப்பத்து நான்கு நாள் குழந்தைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ! ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும். எண்ணெய் வேறு வழுக்கியது. “விடுடி, விடுடி” என்று கொஞ்சிக்கொண்டே பிரித்தேன். அத்தை கையை நீட்டியபடியே, “ஆத்தாளுக்கு ஏத்த புள்ள” என்று சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி விரலையும் பிரித்துவிட்டுக் குனிந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கீழே தோல் பளபளவென்று மின்னியது. எண்ணெய் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு ஓரிடத்தில் மெதுவாக உப்பியது. பாலாடை எழும்புகிற மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. பாதத்தின் மேல் பக்கம் தோல் சுருங்கி நகர்ந்திருந்தது, அடியில் ரோஸ் நிறம் தெரிந்தது. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் பிள்ளைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டேன்.

“என்னடி பேயறஞ்ச மாரி நிக்கிற? தண்ணி ஆறுது, கொண்டா.”

“அத்த... காலு.”

“காலுக்கு என்ன?”

“காலப் பாருங்க அத்த. வெந்து போச்சு.”

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாருடைய காலோ தன் இடுப்பில் ஒட்டிக்கிடப்பது மாதிரி பார்த்தார். ஒரு விரலால் அந்தக் கொப்புளத்தைத் தொட்டார். அது அசைந்தது.

“சுடலயே” என்றார். “ஏய் மொழி, சுடவே இல்லடி.”

நான் பாப்பாவை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையின் விரலை வாளிக்குள் விட்டேன். விட்ட வேகத்தில் அலறிக்கொண்டு எடுத்தேன். உள்ளே ஓடினேன். பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பீரோ மேலிருந்து வாத்தை எடுத்து வந்து வாளியில் எறிந்தேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிவப்பு விளக்கை மினுக்கத் தொடங்கியது. வயிற்றில் அறுபத்திரண்டு என்று காட்டியது.

ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டதும் வெப்பம் கிளம்பிவிடும். சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு. அதைத் தொட்டவர் உணர வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நிபந்தனை இல்லை. இதை நான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்! நரம்பு செத்துப்போன காலிலும் தண்ணீர் தன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

வாளியைக் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து அவர் காலில் ஊற்றத் தொடங்கினேன். வெந்த இடத்துக்குள் சூடு இன்னும் இருக்கும், அது வெளியே வர வேண்டும், இருபது நிமிடமாவது ஊற்ற வேண்டும். அவர் அதே பலகையில், அதே மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஊற்றுவதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சபுரா வூட்டுப் புள்ள” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“காலைல லப்பைக்குடிக்காட்டுல குளிப்பாட்டிட்டுத்தான் வந்தேன். அவங்க வூட்டுல கீசரு. சில்லுனு இருக்குன்னு நாந்தான் திருப்பி வெச்சேன்.” அவர் பிடியை விடவில்லை. “அழுதுச்சுடி மொழி. அந்தப் புள்ள கத்திக் கத்தி அழுதுச்சு. பசின்னு சொன்னேன்.”

சொம்பு என் கையிலிருந்து நழுவியது. சபுரா புருஷன் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் அவளும், கண் மங்கிய மாமியாரும், இருபத்திரண்டு நாள் ஆண் குழந்தையும்தான். அத்தையின் போனில் சபுராவின் எண்ணைத் தேடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாளோ என்று எனக்குள் ஓடியது. அத்தைக்கும் அதேதான் ஓடியிருக்க வேண்டும், எழுந்து நிற்கப் பார்த்தார். “வண்டிய எடு, வண்டிய எடு” என்றார். நான் அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தேன். கொப்புளம் ஒன்று உடைந்து நீர் வழிந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

ஏழெட்டு நிமிடம் கழித்து சபுராவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“புள்ளய ஒறங்க வெச்சிட்டு இருந்தேன், அதான் எடுக்கல. என்ன வீராயிம்மா?”

நான்தான் கேட்டேன். “குழந்தைக்கு ஒண்ணும் இல்லயே? முதுகு, காலு எல்லாம் பாருங்க. எங்கயாவது செவந்திருக்கா? கொப்புளம் இருக்கா?”

அந்தப் பக்கம் துணியை விலக்கும் சத்தம் கேட்டது.

“இல்ல, நல்லாத்தான் இருக்கான். அல்ஹம்துலில்லாஹ்.” அவள் தயங்கினாள். “நீங்க யாரு? ஏன் கேக்குறீங்க?”

நடந்ததைச் சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

“நான் சொல்லியிருக்கணும். மூணு நாளைக்கு முன்னாடி புள்ள முதுகு தக்காளி மாரி செவந்து போச்சுங்க. வீராயிம்மாகிட்ட சொன்னா கோவிச்சுக்கிட்டு வராம போயிருவாங்கன்னு பயம். மாமியும் சொல்லாதன்னுட்டாங்க. அதுலேர்ந்து, அவங்க எண்ணெ கிண்ணத்த எடுக்கத் திரும்புறப்பல்லாம் நான் வாளில பச்சத் தண்ணி ஊத்திருவேன். இன்னிக்கும் ஊத்துனேன். ரெண்டு செம்பு. அப்பவும் புள்ள அழுதான். வீராயிம்மா, மன்னிச்சிருங்க. உங்களுக்குத் தெரியாம செஞ்சிட்டேன்.”

ஒரு பிள்ளை தப்பித்தது அதன் தாய் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியதால். இன்னொரு பிள்ளை தப்பித்தது சங்கிலியை விடாததால். சிவந்த முதுகை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டோமா? இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்களாக இருந்தோம். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீராயி அத்தை போனை என்னிடம் தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கால் வெந்தது தெரிந்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

“எனக்குத் தெரியாம பச்சத் தண்ணி ஊத்தியிருக்கு அந்தப் புள்ள” என்றார். “எனக்குப் பயந்துகிட்டு.”

டோக்கனோடு திரும்பி வந்த அம்மா கொல்லையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பாப்பாவை அவளிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அத்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த இளம் பெண் டாக்டர் புண்ணைத் துடைத்துவிட்டு விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். நானூற்றுப் பத்து. எத்தனை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

“எனக்குச் சுகரா? நான் டீக்கே சக்கர போட்டுக்க மாட்டேனுங்களே!”

டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். “இதால காலத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சா உடனே சொல்லுங்கம்மா” என்றார். புண் இல்லாத இடமாகப் பார்த்து, உள்ளங்காலில் தொட்டார். பெருவிரலில் தொட்டார். நூல் வளையும் அளவுக்கு அழுத்தினார். கணுக்காலுக்கு மேலே போனார். பத்து இடம், பன்னிரண்டு இடம். அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் அவரே கேட்டார்.

“எப்பம்மா தொடுவீங்க?”

டாக்டர் நூலைக் கீழே வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கையிலும் விரல் நுனிகளில் பாதி உணர்ச்சிதான் மிச்சம் என்றார்கள். சர்க்கரை பல வருடமாக இருந்து நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்திருக்கிறது, நீளமான நரம்புகள் முதலில் போகும் என்பதால் கால்தான் முதலில் போகுமாம். கையை நம்பாமல் காலை நம்பிய மனுஷி அவர். இதை டாக்டர் விளக்கியபோது அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எப்பலேர்ந்து?”

டாக்டரால் நாள் சொல்ல முடியவில்லை. அத்தை தானே ஒரு நாளை வைத்துக்கொண்டார். சைலன்சர் சுட்டது தெரியாமல் போன ஆடி மாதம்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். மூன்றாம் நாள், இரண்டு காலிலும் கட்டோடு, தன் மகன் மணிவண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பிவிட்டார். நடக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மணிவண்ணன் மில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, திட்டிக்கொண்டே ஓட்டினானாம். ஆடியிலிருந்து அவர் குளிப்பாட்டிய குழந்தைகள் பதினொன்று. எந்த நோட்டிலும் எழுதிவைத்ததில்லை, எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்.

“என் காலுக்குச் சூடு தெரியாதாம். எனக்குத் தெரியாமப் போச்சு. புள்ள முதுகக் காட்டுங்க.”

சில வீடுகளில் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில், அதெல்லாம் ஒன்றும் இல்லை, உட்காருங்கள் என்று காபி கொடுத்திருக்கிறார்கள். காட்டினால்தான் குடிப்பேன் என்று நின்றிருக்கிறார். நான்கு வீடுகளில், நாங்களும் கவனித்தோம், எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டோம் என்றார்களாம். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும், ஐந்து மாதப் பெண் குழந்தையின் இடுப்புக்கு மேலே நாணயம் அகலத்துக்கு வெளுத்த தழும்பு இருந்தது. டயபர் புண் என்று நினைத்து மருந்து போட்டிருக்கிறார்கள். தண்ணீரால் வந்ததா, வேறு எதனாலா, யாராலும் சொல்ல முடியவில்லை. அத்தை அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை என்று மணிவண்ணன் சொன்னான். அந்த வீட்டுப் பெண்ணே வந்து கையைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். காலை நீட்டி ஸ்டூலில் வைத்தோம். மூன்று நாளில் பத்து வயது கூடிவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பாப்பாவின் சட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து அவருக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். அத்தை முதுகைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார், கை இடுக்கு, கால் இடுக்கு, ஒன்று விடவில்லை. எங்கும் ஒன்றும் இல்லை.

“மடில வெச்சுக்குங்க அத்த” என்றேன்.

“வேணாம்.”

“வெச்சுக்குங்க. நான் புடிச்சுக்குறேன்.”

கையைத் தூக்கினார். பாப்பாவின் முதுகுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு மெல்ல முன்னால் சாய்ந்து, கன்னத்தைக் குழந்தையின் முதுகில் வைத்தார். பாப்பா ஒரு தடவை சிலிர்த்துவிட்டு அடங்கினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூடிக்கொண்ட மாதிரியே. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மொழி” என்றார் கண்ணைத் திறக்காமலே. “கன்னத்துக்குத் தெரியுதுடி. புள்ள வெதுவெதுன்னு இருக்கா.”

அவர் கண்ணீர் பாப்பாவின் முதுகில் வழிந்தது. ஈரம் பிள்ளையின் சூட்டை இழுக்குமுன் நான் அவசரமாக அதை என் முந்தானையால் துடைத்தேன்.